இருதய மின்வரைபு கண்ட வில்லெம் ஐந்தோவன்

நள்ளிரவிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகிறார். முகம் வியர்த்திருக்கிறது, இடது கை கடுக்கிறது. எரிவா, நோவா என்று கேட்டால் அவருக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் இளம் வைத்தியர் நாடியைப் பிடித்தபடியே தாதியிடம் முதலிற் கேட்பது ஈ.சி.ஜி. எனப்படும் இருதய மின்வரைபையே. கைகளிலும் கால்களிலும் நெஞ்சிலும் மின்வாய்களைப் பொருத்திய சிறிது நேரத்துள், கட்டமிட்ட கடதாசியொன்று இயந்திரத்திலிருந்து வெளியே வருகிறது. நெஞ்சு நோவுடன் வந்தவருக்கு, அவர் வாயிலைக் கடந்த 10 நிமிடங்களுக்குள் இக்கடதாசி எடுக்கப்பட்டு, அறிந்தவர் ஒருவரால் வாசிக்கப்படவேண்டும் என்பது இன்று உலகெங்கும் வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட நியதி.

நம்மிடையே பெரியவர்கள் பலர் இத்தகைய நோவை வாய்வு என்று கொண்டு, இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்து, விடியட்டும் என்று காத்திருப்பதுண்டு. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. வயிற்றுக் கோளாற்றையும் இருதயத்து நாடி அடைபடுவதையும் வெளியே நின்று பிரித்தறிதல் தேர்ந்த வைத்தியருக்கும் அரிது. அந்த அரிய செயலைச் சில நிமிடங்களில் முடிக்கத்தக்கதாகச் செய்துவைத்தவர் ஓர் ஒல்லாந்தர். அவருடைய வரலாற்றை இளைஞர்களும் முதியோரும் அறிந்திருத்தல் நன்றென்று எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

வில்லெம் ஐந்தோவன் பிறந்தது ஒல்லாந்திலன்று. நமது கரையோரங்களையும் ஒரு காலத்தில் ஆண்ட அந்நாட்டவர், கீழைத் தீவுகளைத் தம் வசம் வைத்திருந்த காலமது. பழந்தமிழர் சாவகம் என்றழைத்த யாவாத் தீவிலே, செமராங் என்னும் துறைமுகப் பட்டினத்தில் 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் யாக்கோப் ஐந்தோவன் ஒரு வைத்தியர். மைந்தருக்கு ஆறு வயதாகும்போதே அவர் இறந்துபோனார். தாயார் மனந்தளரவில்லை. 1870ஆம் ஆண்டில் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கடல்கடந்து, ஒல்லாந்தின் உத்திரெக்ட் நகரிற் குடியேறினார்.

பிள்ளைகள் ஆறு, உழைப்பவர் இல்லை. வைத்தியம் கற்கப் பணம் எங்கிருந்து வரும்? கற்று முடித்ததும் கீழைத் தீவுகளிற் படை வைத்தியராகச் சேவை செய்வதாக அரசினருக்கு உடன்பட்டு, உதவிப்பணம் பெற்று, 1878இல் ஐந்தோவன் உத்திரெக்ட் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். படிப்பில் மட்டுமன்றி விளையாட்டிலும் அவருக்குப் பேரார்வம் இருந்தது. தேகப்பயிற்சி, வாட்போர், படகோட்டம் யாவற்றிலும் முன்னின்றார். மாணவர்களுக்கெனப் படகோட்டச் சங்கமொன்று தோன்றவும் காரணராயிருந்தார். ஒருநாள் பயிற்சியின்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மற்றொருவராயின் கட்டுப்போட்ட கையை நொந்துகொண்டு கிடந்திருப்பார். இவரோ, முழங்கையும் முன்கையும் எவ்வாறு புரளுகின்றன என்று அக்கையை வைத்தே ஆராயத் தொடங்கி, 1882இல் அதைப்பற்றி ஓர் ஆய்வுரையையும் வெளியிட்டுவிட்டார். அவருடைய போக்கு எத்தகையதென்பது இதிலேயே தெரிகிறது. உடலை அவர் ஒரு பொறியாகவே கண்டார். பொறி எவ்வாறு இயங்குகிறது என்று அளந்து அறியும்வரை அவருக்கு ஓய்வில்லை.

கண்ணைப்பற்றிய ஆய்வுகளிற் புகழ்பெற்ற டொண்டர்ஸ் என்னும் பேராசிரியரின் கீழ், நிற வேறுபாட்டால் பொருள்கள் முன்பின்னாகத் தோன்றுவதை ஆராய்ந்து 1885இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இலெய்டன் சர்வகலாசாலையில் உடற்றொழிலியற் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 25. படை வைத்தியராகக் கீழைத் தீவுகளுக்குப் போகாமையால், பெற்ற உதவிப்பணத்தை அரசினருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. 1886இல் பதவியை ஏற்றவர், இறக்கும்வரை அதை விட்டு நீங்கவில்லை.

இருதயம் சுருங்குவதற்குச் சற்று முன்பாக அதன் தசையிலே நுண்ணிய மின்னோட்டம் பரவுகிறது என்பது அக்காலத்தில் அறியப்பட்டதொன்றுதான். ஆனால், தவளையின் நெஞ்சைத் திறந்து பார்க்கலாம். உயிருள்ள மனிதரின் நெஞ்சைத் திறப்பது எப்படி? இலண்டனிலே அகஸ்ரஸ் வாலர் என்பவர் 1887இல் இதற்கொரு வழிகண்டார். தோலின்மேல் மின்வாய்களை வைத்தே மனித இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். அவர் தம்முடைய ஜிம்மி என்னும் நாயையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் நிறுத்தி அதன் இருதயத் துடிப்பைப் பலருக்கும் காட்டுவார். பிற்காலத்தில், 1909இல், இது மிருகவதை அல்லவா என்று ஆங்கிலப் பாராளுமன்றத்தில் ஒருவர் கேள்வி எழுப்பும் அளவுக்கு அந்நாய் புகழ்பெற்றது. காலை நனைத்ததைத் தவிர அதற்கு யாதொரு துன்பமும் நேரவில்லை. 1889இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் கூடிய உடற்றொழிலியலாளர் மாநாட்டிலே வாலர் தமது முறையைச் செய்து காட்டியபோது, பார்த்திருந்தவர்களுள் ஐந்தோவனும் ஒருவர். வைத்தியசாலையில் இதனாற் பெரிதாகப் பயன் விளையும் என்று வாலரே நம்பவில்லை என்பது வியப்புக்குரியது. கண்டுபிடித்தவர் கைவிட்ட இடத்தில் ஐந்தோவன் தொடங்கினார்.

வாலர் கையாண்ட கருவி லிப்மன் என்பவர் அமைத்தது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரசமும் அதன்மேற் கந்தகவமிலமும் இருக்கும். மின்னழுத்தம் மாறும்போது இரசத்தின் விளிம்பு ஏறி இறங்கும். ஆனால் இரசம் பாரமானது. இருதயத்தின் விரைவுக்கு ஈடுகொடுத்து அதனால் அசைய இயலாது. ஓடுகின்ற பிள்ளையின் பின்னே மூச்சிரைத்து நடக்கும் கிழவரைப் போல அது பின்தங்கிவிடும். போதாததற்கு, வெளியே கல்பாவிய வீதியில் வண்டிகள் செல்லும்போதெல்லாம் இரசம் நடுங்கியதாகவும், ஐந்தோவன் ஆய்வுகூடத்தின் நிலத்தைத் தோண்டிப் பெருங்கற்களை இட்டு நிரப்பியும் நடுக்கம் நிற்கவில்லையென்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

கருவி பொய் சொல்கிறது என்று தெரிந்தும் அதைத் தூக்கி எறியாமல், எவ்வளவு பொய் சொல்கிறது என்று அவர் கணக்கிட்டார். இரசத்தின் பின்தங்கலைக் கணித முறையால் நீக்கி, மெய்யான வளைகோடு எவ்வாறிருக்கும் என்று 1895இல் வரைந்து காட்டினார். கருவி தந்த கோட்டின் முடிகளுக்கு ஏ, பி, சி, டி என்ற எழுத்துக்கள் முன்பே வழங்கின. இரண்டும் ஒன்றோடொன்று மயங்கலாகாதென்று, திருத்திய கோட்டின் முடிகளுக்குப் பி, கியூ, ஆர், எஸ், ரி என்று பெயரிட்டார். இன்று உலகின் எந்த மூலையிலுள்ள மருத்துவ மாணவனும் மனனம் செய்யும் எழுத்துக்கள் இவையே. முதலில் வரும் சிறு மேடாகிய பி, இருதயத்தின் மேலறைகளில் மின் பரவுவதைக் குறிக்கும். கியூ-ஆர்-எஸ் என்னும் கூரிய கோபுரம், கீழறைகளாகிய பெரிய தசையறைகளில் மின் பரவுவது. கடைசியில் வரும் ரி, அவ்வறைகள் மீண்டும் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவது.

எனினும், ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? கணக்கை வேண்டாத கருவியொன்றைச் செய்யவேண்டுமென்று அவர் தீர்மானித்தார். அதற்கு, எடையே இல்லையென்று சொல்லத்தக்க ஓர் இழை தேவைப்பட்டது. குவார்ட்ஸ் என்னும் படிகத்தை உருக்கி, அதை ஓர் அம்பின் முனையில் ஒட்டி, வில்லில் வைத்து அறைக்குக் குறுக்கே எய்தார்கள். அம்பு பறக்க, உருகிய படிகம் நூலாக நீண்டது. அந்நூலின் பருமன் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமயிரை அதன் பக்கத்தில் வைத்தால் வடக்கயிறு போலத் தோன்றும். மின் கடத்துவதற்காக அதற்கு வெள்ளி பூசி, வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார்கள். இருதயத்தின் மின்னோட்டம் அந்த இழை வழியே போகும்போது, காந்தம் அதைப் பக்கமாகத் தள்ளும். அவ்வசைவின் நிழலை நுணுக்குக்காட்டியாற் பெருப்பித்து, நகரும் புகைப்படத் தகட்டில் விழச்செய்தார்கள். இதுவே 1901இல் அவர் உலகுக்கு அறிவித்த இழைக் கல்வனோமானி. கடலடித் தந்திச் செய்தி பெறுவதற்காகப் பிரெஞ்சு நாட்டவரான ஆடேர் 1897இல் இதையொத்த கருவியொன்றை அமைத்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் இருதயத்தின் மெல்லிய குரலைக் கேட்கும் நுண்மை அதற்கு இருக்கவில்லை.

படிக இழை வரைந்த கோடும், ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் கணிதத்தால் அவர் வரைந்த கோடும் ஒன்றாகவே இருந்தன! ஓர் ஆராய்ச்சியாளருக்கு இதனிலும் பெரிய இன்பம் வேறு உண்டோ, நானறியேன்.

கருவியின் தோற்றமோ இழைக்கு நேர்மாறானது. ஏறக்குறைய 270 கிலோகிராம் எடை. இரண்டு அறைகளை அடைக்கும். காந்தம் சூடேறாதிருக்க இடையறாது குளிர்நீர் ஓடவேண்டும். இயக்குவதற்கு ஐவர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்ச் சாடிகளுள் வைத்துக்கொண்டு அசையாதிருப்பார். இவ்வளவு பெரிய பொறியை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோவது எங்ஙனம்? வைத்தியசாலை ஆய்வுகூடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. கடும் நோயாளரை அங்கிருந்து தூக்கிவருவதும் தகாது.

பொறி போகமுடியாவிட்டால், துடிப்பு வரட்டும் என்று அவர் முடிவு செய்தார். வைத்தியசாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பு ஏற்படுத்தினார். 1905ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி, வைத்தியசாலையில் இருந்த ஒருவரின் இருதயத் துடிப்பு நகரைக் கடந்து வந்து ஆய்வுகூடத்திற் பதிவாயிற்று. அவர் நோயாளியல்லர், நல்ல திடகாத்திரமானவர். அவருடைய ஆர் முடிகள் உயர்ந்திருந்தமைக்கு, ஆய்வுகூடத்திலிருந்து வைத்தியசாலைக்கு அவர் சைக்கிள் மிதித்துப் போனதே காரணமென்று எண்ணினார்களாம். அதன்பின் மெய்யான நோயாளரின் வரைபுகள் ஒவ்வொன்றாக வந்தன. அடுத்த ஆண்டே, தடித்த இருதயம், ஒழுங்கு தவறிய துடிப்பு, மேலறையிலிருந்து கீழறைக்கு மின் செல்லாது தடைப்படல் எனப் பலவற்றைப் படங்களோடு அவர் வெளியிட்டார். அவசர வேளையில் நோயாளி ஓரிடத்திலும் அறிந்தவர் வேறிடத்திலும் இருக்க, மின்வரைபு இடையே பயணம் செய்யும் இன்றைய வழக்கத்தின் தொடக்கத்தை இங்கே காணலாம்.

என் கருத்துப்படி, இவற்றினும் மேலான செயல் ஒன்றை அவர் செய்தார். அது பலர் கண்ணிற் படுவதில்லை. அளவை அவர் நிலைநாட்டினார். ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னழுத்தத்துக்குக் கோடு ஒரு சென்ரிமீற்றர் உயரவேண்டும். தகடு ஒரு செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் நகரவேண்டும் என்று வகுத்தார். இன்றைய கடதாசியிலுள்ள சிறு கட்டமொன்று 0.04 செக்கனைக் குறிப்பதும் அதனாலேயே. இந்த ஒழுங்கு இல்லாவிடின் இலெய்டனில் எடுத்த வரைபை இலண்டனில் உள்ளவர் வாசிக்க முடியாது. நேற்று எடுத்ததை இன்று எடுத்ததோடு ஒப்பிடவும் முடியாது. முன்பின் கண்டிராத நோயாளியை முன்பின் கண்டிராத வைத்தியர் நள்ளிரவில் மதிப்பிடுவதற்கு, இருவருக்கும் பொதுவான அளவுகோல் வேண்டுமல்லவா?

பின்னர் 1912, 1913ஆம் ஆண்டுகளில் வலது கை, இடது கை, இடது கால் மூன்றையும் ஒரு முக்கோணத்தின் முனைகளாகக் கொண்டு, அதன் நடுவில் இருதயம் இருப்பதாகக் கருதி, மின் எத்திசையில் ஓடுகிறது என்று கணிக்கும் முறையையும் அமைத்தார். ஐந்தோவன் முக்கோணம் என்று அதற்குப் பெயர்.

கருவியை விற்பனைக்குச் செய்தளிக்க மியூனிக் நகரின் எடல்மன் நிறுவனத்தாரோடு முதலில் உடன்பாடு செய்துகொண்டார். சில காலத்தின்பின் அவர்கள் அவருக்குரிய பங்கைக் கொடுக்க மறுத்துவிட்டனர். பின்னர் அறிஞர் சாள்ஸ் தார்வினின் மைந்தர் ஹொறேஸ் தார்வின் நடத்திய கேம்பிரிட்ஜ் விஞ்ஞானக் கருவி நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கியது. அக்கருவிகளுள் ஒன்று இலண்டனிலிருந்த தோமஸ் லூயிஸ் என்னும் இளம் வைத்தியரின் கைக்கு வந்தது. ஐந்தோவன் பௌதிக மனம் படைத்தவர்; லூயிஸோ நோயாளரின் அருகில் நின்றவர். தாறுமாறான நாடித்துடிப்பு ஒன்று மேலறைகளின் நடுக்கத்தால் விளைவது என்பதை லூயிஸ் 1909இல் காட்டினார். இருவரும் கடிதங்கள் மூலம் பல்லாண்டு நட்புப் பூண்டிருந்தனர். நொபெல் பரிசு பெற்றபின் ஆற்றிய உரையிலும் லூயிஸின் பங்கை ஐந்தோவன் நன்றியோடு எடுத்துரைத்தார்.

அப்பரிசு 1924இல் அவருக்குக் கிடைத்தது. அவ்வேளை அவர் அமெரிக்காவிலே விரிவுரைப் பயணத்தில் இருந்தார். பரிசுப் பணம் கைக்கு வந்ததும், தமது ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் உடனிருந்து கருவியை உருவாக்க உதவிய வான் டெ வூர்ட் என்பவரை அவர் தேடியதாகச் சொல்லப்படுகிறது. அவர் அப்போது உயிருடன் இல்லை. அவருடைய சகோதரிகள் இருவர் வறியோருக்கான விடுதியொன்றில் வாழ்வதை அறிந்து, பணத்திற் பாதியை அவர்களுக்கு அளித்தாராம். சாடிகளில் நீர் நிரப்பியவரையும் இழைக்கு வெள்ளி பூசியவரையும் பரிசுப் பத்திரங்கள் குறிப்பிடுவதில்லை. அவர் மறக்கவில்லை.

இல்லற வாழ்வைப்பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1886இல் தமது உறவினரான ஒரு பெண்ணை மணந்து, மூன்று பெண்களுக்கும் ஓர் ஆணுக்கும் தந்தையானார். தந்தையின் பெயரையே தாங்கிய மைந்தர் மின்பொறியியலாளராகி, தந்தை பிறந்த அதே யாவாவிலே பாண்டுங் வானொலி ஆய்வுகூடத்துக்குத் தலைவரானார். பெண்களுள் ஒருவர் வைத்தியரானார். ஐந்தோவன் நெடுநாள் நோயுற்றிருந்து, 1927ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி இலெய்டனிற் காலமானார். அருகிலுள்ள ஊக்ஸ்ட்கேஸ்ட் என்னும் ஊரின் தேவாலய மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய கோடுகள் புதுப்பொருள் தரத் தொடங்கிவிட்டன. இருதயத்துக்கு இரத்தமூட்டும் நாடி அடைபட்ட பின்னும் மனிதர் பிழைத்திருக்கக்கூடும் என்பதை அமெரிக்க வைத்தியர் ஹெரிக் 1912இல் எடுத்துக்காட்டினார். அத்தகைய நோயாளரின் வரைபில் எஸ்ஸுக்கும் ரிக்கும் இடைப்பட்ட கோடு மேலெழுந்து நிற்பதை 1920இல் நியூயோர்க்கில் பார்டீ விளக்கினார். 1930களிலும் 1940களிலும் நெஞ்சின் மீதும் மின்வாய்கள் வைக்கப்பட்டு, மூன்றாயிருந்த பதிவுகள் பன்னிரண்டாயின. 1966இல் பெல்பாஸ்ற் நகரிலே பான்றிட்ஜ் என்னும் வைத்தியர் இருதய மின்கருவிகளை அம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டு வாசலுக்கே அனுப்பினார். இரண்டு அறைகளை அடைத்த பொறி இன்று கையிற் தூக்கும் பெட்டியாகிவிட்டது.

இப்போது அந்த நள்ளிரவு நோயாளியிடம் திரும்புவோம். வைத்தியர் கடதாசியை ஏந்தி முதலில் விரைவைக் கணிக்கிறார். துடிப்பு ஒழுங்கானதா என்று பார்க்கிறார். ஒவ்வொரு கோபுரத்தின் முன்னும் சிறு மேடு உண்டா, இரண்டுக்கும் இடையே மூன்று முதல் ஐந்து சிறு கட்டங்களுக்கு மேற்படாத இடைவெளி உண்டா என்று எண்ணுகிறார். ரி முடிகள் கூடாரம்போல் கூர்த்து நின்றால் இரத்தத்திற் பொற்றாசியம் மிகுந்திருக்கக்கூடும் என்று ஐயுறுகிறார். அடுத்தடுத்துள்ள பதிவுகளில் எஸ்-ரிக் கோடு மேலெழுந்திருப்பின், நாடி முற்றாக அடைபட்டிருக்கக்கூடும். கட்டியைக் கரைக்கும் மருந்தோ, நாடியைத் திறக்கும் சிகிச்சையோ உடனே வேண்டும். கழியும் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது.

ஆயினும் கடதாசி மாத்திரம் வைத்தியராகிவிடாது. நாடி அடைபடும் தறுவாயிலும் முதல் வரைபு குற்றமற்றதாய்த் தோன்றலாம். அதை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாது, நோவு நீடிப்பின் சிறிது நேரத்தில் மீண்டும் எடுத்துப் பார்க்கிறார்கள், இரத்தத்தையும் சோதிக்கிறார்கள். மறுபுறம், நினைவிழந்து நாடியற்றுக் கிடப்பவருக்குப் பன்னிரண்டு பதிவுகளையும் எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டே திரையில் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்து, கீழறைகள் நடுங்குகின்றனவாயின் மின்னதிர்ச்சி கொடுக்கவேண்டியதுதான்.

சில வேளைகளில் அவசரத்திலே இரு கைகளின் கம்பிகளும் இடம்மாறிப் பொருத்தப்படுவதுண்டு. அப்போது முதலாம் பதிவு தலைகீழாகத் தோன்றும். பழகாதவர் இதுவோர் அரிய நோயென்று மயங்குவர். ஐந்தோவனின் முக்கோணத்தை மனத்தில் வைத்திருக்கும் வைத்தியரோ, வலது கைக்கும் இடது கைக்கும் இடைப்பட்ட பக்கம் புரண்டிருப்பதைக் கண்டு, கடதாசியை ஒருபுறம் வைத்துவிட்டு, கம்பிகளை மாற்றிப் பொருத்தி மறுபடியும் எடுக்கிறார்.